தாத்தாவின் பெயரைப் பேத்திக்கு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. சிங்கப்பூரின் பொங்கோலில் கணவருடனும் மாமியாருடனும் வசிக்கிறேன். இன்னும் ஏழு வாரங்களில் எங்களுக்கு முதல் குழந்தை பிறக்கவிருக்கிறது. பெண் குழந்தை என்று ஸ்கேனில் தெரிந்துவிட்டது. ஈராண்டுக்கு முன் காலமான என் மாமனாரின் பெயர் கதிரவன். முதல் பேரப்பிள்ளைக்குத் தம் அப்பாவின் பெயரைத்தான் வைப்பது என்று கணவர் அப்போதே முடிவு செய்துவிட்டார். பெண் என்று தெரிந்த பிறகும் அவர் மனம் மாறவில்லை. "ஆண் பெயரில் ஒரு கம்பீரம் இருக்கிறது, நம் மகள் தைரியமாக வளர்வாள்" என்கிறார். மாமியாரோ, "அடுத்தது பையன் பிறந்தால் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம், இதற்கு வேறு பெயர் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறார். பள்ளியில் மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்களா, ஆவணங்களில் குழப்பம் வருமா, வளர்ந்த பிறகு "என்னை ஆணாக எதிர்பார்த்தீர்களா" என்று அவளே கேட்டால் என்ன சொல்வது என்றெல்லாம் கலக்கமாக இருக்கிறது. யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் கடைசியாக இருக்கும் கேள்வியை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். பள்ளிக் கேலியும் ஆவணக் குழப்பமும் வந்து போகக்கூடியவை; "என்னை ஆணாக எதிர்பார்த்தீர்களா" என்ற ஐயம் மட்டும் ஒரு பெண்ணின் மனத்தில் விழுந்துவிட்டால் எளிதில் விலகாது. குடும்பச் சேவை நிலையத்தில் ஆலோசகராக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியதில், தங்கள் பெயரைப் பற்றித் தாங்களாகவே பேச்செடுத்த பெண்கள் சிலரைச் சந்தித்திருக்கிறேன். பெயர் பழையதாக இருந்ததையோ நீளமாக இருந்ததையோ அவர்கள் ஒரு குறையாகச் சொன்னதில்லை. அந்தப் பெயர் தங்களுக்கு ஏன் வந்தது என்று வீட்டில் யாரோ எப்போதோ சொன்ன ஒரு வரியைத்தான், முப்பது வயதிலும் நாற்பது வயதிலும், சொன்னவரின் குரலோடு சேர்த்து நினைவில் வைத்திருந்தார்கள்.

தமிழ்நாட்டின் சில ஊர்களில், வரிசையாகப் பெண்களே பிறந்த வீடுகளில், அடுத்ததாவது ஆணாக இருக்கட்டும் என்ற வேண்டுதலோடு கடைசியாகப் பிறந்த பெண்ணுக்கு "வேண்டாம்" என்றும் "போதும்பொண்ணு" என்றும் பெயர் வைக்கும் வழக்கம் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பெயர்களில் ஆண்மைக்குரிய எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆயினும் பிறக்காத ஓர் ஆண் பிள்ளையின் நிழல் அவற்றின்மேல் முழுமையாக விழுந்திருக்கிறது. உங்கள் கணவர் தேர்ந்திருக்கும் பெயரோ முழுக்க முழுக்க ஓர் ஆணின் பெயர். ஆனால் பெண் என்று தெரிந்த பிறகும் அவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தம் தந்தையின் பெயரைத் தாங்க இன்னொரு பிள்ளை வர வேண்டும் என்று அவர் காத்திருக்கவில்லை, வயிற்றில் இருப்பவளே போதும் என்கிறார். உங்கள் மகள் அந்தக் கேள்வியைக் கேட்கும் நாளில் நீங்கள் சொல்லக்கூடிய விடை இதுதான், அது உண்மையான விடையும்கூட. மாறாக, அந்தப் பெயரை எடுத்து வைத்துவிட்டு, பிறக்கக்கூடிய ஒரு தம்பிக்காகக் காத்திருந்தோம் என்பது பிற்காலத்தில் அவள் காதுக்கு எட்டினால், எவ்வளவு அழகான பெண் பெயரைச் சூட்டியிருந்தாலும் அது அவளைக் காயப்படுத்தும்.

ஆகவே தாத்தாவின் பெயர் பேத்திக்கு வரலாமா என்றால், தாராளமாக வரலாம் என்பதே என் கருத்து. நம் மொழியே அதற்கு இடம் வைத்திருக்கிறது. பேரன் என்ற சொல் பெயரன் என்பதிலிருந்தும், பேத்தி என்பது பெயர்த்தி என்பதிலிருந்தும் வந்தவை. முன்னோரின் பெயரைத் தாங்கி நிற்பவர் என்பதுதான் அந்த உறவுமுறைக்கே பொருள். "பேர் சொல்ல ஒரு பிள்ளை" என்று நாம் சொல்லும்போது மனத்தில் ஆண் பிள்ளையை நினைத்துக்கொள்கிறோம், ஆனால் பிள்ளை என்ற சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது. தாத்தாவின் பெயரைப் பேத்திக்குத் தருவதற்கு நம் பாட்டிமார் ஒரு வழியும் வைத்திருந்தார்கள். பழனியின் பேத்தி பழனியம்மாள் ஆனாள், வேலுவின் பேத்தி வேலம்மாள் ஆனாள், கந்தனின் பேத்தி கந்தம்மாள் ஆனாள். கணவர் முத்துவடுகநாதத் தேவர் 1772இல் காளையார்கோவிலில் கொல்லப்பட்ட பிறகு, எட்டாண்டுகள் காத்திருந்து 1780இல் சிவகங்கைச் சீமையை மீட்ட அரசியின் பெயர் வேலு நாச்சியார். வேலு என்று மட்டும் அழைத்தால் இன்றும் நாம் ஓர் ஆணைத்தான் எதிர்பார்ப்போம். மறுபக்கத்தில், 19ஆம் நூற்றாண்டின் மகாவித்துவானாகிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயர் மதுரை அம்மனின் பெயரில்தான் தொடங்குகிறது. ஆணின் பெயரும் பெண்ணின் பெயரும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வருவது நமக்குப் புதிதன்று.

ஆனால் கதிரவன் என்ற பெயரை அப்படியே, அந்த இறுதி எழுத்தோடு வைப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆண் பெயர்கள் எல்லாம் ஒரே விதமானவை அல்ல. இளங்கோ, கதிர், முகில், வெற்றி போன்றவை பழக்கத்தால் ஆண் பெயர்கள். அவற்றை ஆண்களுக்கு வைத்துக் கேட்டுப் பழகிவிட்டோம், அவ்வளவுதான். நாளைக்குப் பெண்கள் நூறு பேர் வைத்துக்கொண்டால் காது பழகிவிடும். அன்பு, எழில், அருள், மதி, தமிழ், முத்து, மணி ஆகியவற்றை ஏற்கெனவே இருபாலரும் வைத்துக்கொள்கிறோம். கதிரவன், வேந்தன், மாறன், குமரன் என்பவை வேறு வகை. இவற்றில் ஆண்பால் என்பது இலக்கணமாகவே உட்கார்ந்திருக்கிறது. னகர ஒற்று ஆணை அறிவிக்கும், ளகர ஒற்று பெண்ணை அறிவிக்கும் என்று தொல்காப்பியம் கிளவியாக்கம் என்ற இயலின் தொடக்கத்திலேயே வகுத்துவிட்டது. தமிழில் வினைச்சொல்லும் அதே எழுத்தைத் திருப்பிச் சொல்லியாக வேண்டும். "கதிர் வந்தாள்" என்னும்போது காதில் எதுவும் முரண்படவில்லை. "கதிரவன் வந்தாள்" என்னும்போது ஒரே வாக்கியத்துக்குள் னகரமும் ளகரமும் மோதிக்கொள்கின்றன.

ஆங்கிலத்தில் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அங்கே வினை பால் காட்டாது. உங்கள் மகள் தொடக்கநிலை வகுப்புகளில் தமிழ்ப் பாடத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் இது அவளைத் தொடும். வீட்டில் ஆங்கிலமே அதிகம் பேசி வளரும் நம் பிள்ளைகள், "ன்" வந்தால் ஆண், "ள்" வந்தால் பெண் என்பதைப் பயிற்சித்தாளில் கோடிட்ட இடங்களை நிரப்பித்தான் கற்கிறார்கள். ஆசிரியர் அதை விளக்கும் ஒவ்வொரு முறையும் வகுப்பு முழுவதும் ஒரு பெண்ணைத் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வையைத் துணிச்சலோடு எதிர்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு, அதற்காகத் தமிழ் வகுப்பையே வெறுத்துவிடும் பிள்ளைகளும் உண்டு. உங்கள் மகள் எப்படிப்பட்டவளாக வளர்வாள் என்பது இன்றைக்கு நமக்குத் தெரியாது. வளர்ந்த பிறகு இது பெரும்பாலும் தணிந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களை நாம் "வந்தார்" என்று மரியாதையாகச் சொல்வதால் பால் மறைந்துவிடுகிறது. சங்கப் புலவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகாததற்கு ஒரு காரணம், பெயர்களின் இறுதியில் நிற்கும் "ஆர்" என்ற அந்த விகுதிதான். ஆனாலும் அந்த வயது வருவதற்கு முன் ஒரு சிறுமி ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளைக் கடந்தாக வேண்டும்.

எனவே என் பரிந்துரை "கதிர்". கதிரவனின் பெயரில் எது ஒளியோ அது முழுவதும் இதில் இருக்கிறது. இறுதியில் இருந்த ஆண்பால் விகுதி மட்டுமே நீங்குகிறது. சூரியக் கதிர் என்பதோடு நெற்கதிர் என்ற பொருளும் இதற்கு உண்டு, இரண்டுக்கும் ஆண் பெண் என்ற வேறுபாடு கிடையாது. உங்கள் மாமனாரை அவருடைய நண்பர்களும் உடன் வேலை செய்தவர்களும் கதிர் என்றே கூப்பிட்டிருக்க வாய்ப்பு அதிகம். கணவரிடம் கேட்டுப் பாருங்கள். அப்படியானால் நீங்கள் பெயரைச் சுருக்கியதாக ஆகாது, அவர் அன்றாடம் கேட்டுத் திரும்பிய பெயரையே கொடுத்ததாக ஆகும். கதிரழகி, கதிர்ச்செல்வி என்று பெண்பால் விகுதியோடு நீட்டுவது உங்களுக்குப் பிடித்திருந்தால் அதுவும் நல்லதே; பழனியம்மாள் வைத்த பாட்டிமாரின் வழி அது. ஆனால் உங்கள் கணவருக்கு அது தம் தந்தையின் பெயராகக் கேட்காது என்று நினைக்கிறேன். எனக்கும் தனித்து நிற்கும் "கதிர்" தான் பிடித்திருக்கிறது.

சிங்கப்பூரில் இந்தப் பெயரை ஆண் பெயர் என்று அறிந்து கேட்கப்போகிறவர்கள் யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளர்களில் இந்தியர் 9 விழுக்காட்டினர், அவர்களிலும் தமிழர் ஒரு பகுதியினரே. பாலர் பள்ளியில் அவளுடன் விளையாடும் சீனப் பிள்ளைக்குக் கதிர் என்பதும் மலர் என்பதும் ஒன்றுதான். மலாய்த் தோழர்கள் மட்டும், ஆங்கில எழுத்தில் "டி" (d) இட்டு எழுதினால், தங்களுக்குப் பழக்கமான காதிர் என்ற ஆண் பெயராக அதைப் படித்துவிடக்கூடும். ஆகவே "டிஎச்" (th) இட்டு எழுதுங்கள்.

நம் அண்டை வீட்டார் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று பார்த்தால் மனம் இன்னும் இலேசாகும். சீக்கியர்களிடத்தில் பெரும்பாலான பெயர்கள் இருபாலருக்கும் பொது. பின்னால் வரும் சிங், கௌர் என்பவைதான் ஆண் பெண் என்று சொல்கின்றன. இந்திய மகளிர் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கியவர் ஹர்மன்பிரீத் கௌர், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய ஆடவர் ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்கியவர் ஹர்மன்பிரீத் சிங். ஒரே பெயரில் இரண்டு அணித்தலைவர்கள்! கிரண் என்று ஆண்கள் பலரைத் தென்னிந்தியாவில் பார்க்கிறோம், இந்தியாவின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரியும் கிரண் பேடிதான். கிரண் என்றால் கதிர் என்றே பொருள் என்பதை உங்கள் மாமியாரிடம் சொல்லலாம். நமக்குப் பெண் பெயராகக் கேட்கும் ஜோதியோ, மேற்கு வங்கத்தை 1977 முதல் 2000 வரை ஆண்ட முதலமைச்சர் ஜோதி பாசுவின் பெயர்.

ஆவணங்களைப் பற்றிய அச்சம் தேவையில்லை. இங்கே பிறக்கும் குழந்தையின் பிறப்பை 42 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், அது இப்போது இணையத்திலேயே முடிந்துவிடுகிறது. பிறப்புச் சான்றிதழிலும், 15 வயதில் அவள் பெறப்போகும் அடையாள அட்டையிலும் பெண் என்பது தனியாகவே குறிக்கப்பட்டிருக்கும்; பெயரை வைத்து யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. ஆண்களுக்குக் கட்டாயமான தேசிய சேவைக்கான அழைப்பும் பெயரைப் பார்த்து வருவதில்லை. மலாய்க்காரர்களின் பெயர்களில் மகன், மகள் என்பதைக் குறிக்க "பின்", "பின்தி" என்று வருவது போல, நம்மவர் பெயர்களில் தந்தை பெயருக்கு முன் "மகள்" என்பதைக் குறிக்கும் "டி/ஓ" சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. இப்போது பலர் அதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் உங்கள் மகளின் பெயரில் அதைச் சேர்ப்பதை நான் ஊக்குவிப்பேன். பெயரைப் படிக்கிறவர்களுக்கு அது ஒரு நொடியில் தெளிவைக் கொடுத்துவிடும். அப்படியும் அவ்வப்போது "திரு" என்று தொடங்கும் மின்னஞ்சல்கள் வரத்தான் செய்யும், வேலைக்கு விண்ணப்பிக்கும் காலத்தில் ஓரிரு முறை விளக்கமும் சொல்ல வேண்டியிருக்கும். பிற்காலத்தில் அவளுக்கே அந்தப் பெயர் ஒவ்வாமல் போனால், வழக்கறிஞரின் உதவியுடன் சட்டப்படி மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

உங்கள் கணவரின் ஒரு வாக்கியம்தான் எனக்கு உறுத்துகிறது. தந்தையின் மீதுள்ள அன்பினால் அந்தப் பெயரைத் தருகிறேன் என்றால் அதற்கு மேல் ஒரு காரணமும் வேண்டாம். ஆண் பெயரில் கம்பீரம் இருக்கிறது, அதனால் மகள் தைரியமாக வளர்வாள் என்று சொல்லும்போது, பெண் பெயர்களில் அவை இல்லை என்ற எண்ணம் அவரை அறியாமலே உள்ளே வந்துவிடுகிறது. அந்த எண்ணத்தை மகள் கேட்டு வளரக் கூடாது. 1943இல் இதே சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படை அமைக்கப்பட்டபோது, மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்தும் பெண்கள் வந்து துப்பாக்கி ஏந்தினார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் இங்கே மருத்துவராக இருந்த லட்சுமி சுவாமிநாதன். நம் வீடுகளில் லட்சுமி என்பதைவிட மென்மையாகக் கருதப்படும் பெண் பெயர் எது? "உன் தாத்தாவை எனக்கு அவ்வளவு பிடிக்கும், அதனால் அவர் பெயரை உனக்குத் தந்தேன்" என்று மட்டும் மகளிடம் சொல்லும்படி கணவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளியில் கேலி வருமா என்றால், சிறிது வரலாம். எந்தப் பெயரையும் கேலிப் பெயராக மாற்றும் திறமை எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு உண்டு. தன் பெயரின் கதையை நான்கு வாக்கியங்களில் சொல்லத் தெரிந்த பிள்ளை அதில் அதிக நாள் சிக்குவதில்லை. தாத்தாவின் படத்தைக் காட்டி, அவர் எப்படிப்பட்டவர், என்ன வேலை பார்த்தார், என்ன விரும்பிச் சாப்பிடுவார் என்றெல்லாம் மூன்று வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருங்கள். தொடக்கநிலை ஒன்றில் சேரும் முன் அந்தக் கதை அவளுடையதாக ஆகிவிட வேண்டும்.

இனி உங்கள் மாமியார். அவரைப் பழமைவாதி என்று எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் பேச்சை மாற்றிவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்கு அவருடைய மனம் தெரிகிறது. கணவரின் பெயரை வாயால் சொல்லாத தலைமுறையைச் சேர்ந்தவராக அவர் இருக்கலாம். "இவங்க அப்பா", "எங்க வீட்டுக்காரர்" என்றே நாற்பது ஆண்டுகள் சொல்லிப் பழகியவர், ஈராண்டுக்கு முன் பறிகொடுத்த கணவரின் பெயரைச் சொல்லி ஒரு கைக்குழந்தையை எப்படிக் கொஞ்சுவார்? அவள் பாலைக் கொட்டிவிட்டால் அந்தப் பெயரைச் சொல்லி எப்படி அதட்டுவார்? "அடுத்தது பையன் பிறந்தால்" என்பது, அந்த வேதனையைச் சொல்லத் தெரியாமல் அவர் எடுத்துப் போட்ட சாக்காகவும் இருக்கலாம். பெண் பிள்ளைக்கு அந்தப் பெயர் கூடாது என்றே அவர் உண்மையில் நினைக்கவும் கூடும், கேட்டால்தான் தெரியும். கணவரையும் வைத்துக்கொண்டு கேட்காமல், நீங்கள் இருவர் மட்டும் இருக்கும் நேரத்தில், "அத்தை, மாமா பேரைச் சொல்லிக் குழந்தையைக் கூப்பிடுவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமா" என்று நேராகவே கேளுங்கள். அவர் அழுதால் அழட்டும், உடன் இருங்கள்.

முன்பெல்லாம் மாமனார் பெயரைக் குழந்தைக்கு வைத்த வீடுகளில், மருமகளும் பாட்டியும் சொல்வதற்கென்றே வேறொரு பெயர் இருந்தது. பெயர்ப் பதிவேட்டில் ஒன்று, தொட்டிலுக்கு ஒன்று. ராசாத்தி, பாப்பா, அம்மு என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம், அதை உங்கள் மாமியாரே தேர்ந்தெடுக்கட்டும். "கதிர்" என்ற சுருக்கத்துக்கு அவர் இணங்குவதற்கும் இது உதவும், ஏனென்றால் கதிரவன் என்ற முழுப் பெயர் அப்போது அவருடைய கணவருக்கே உரியதாக நின்றுவிடுகிறது.

யார் பக்கம் நிற்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கணவரின் விருப்பமும் மாமியாரின் விருப்பமும் உங்கள் கடிதத்தில் தெளிவாக இருக்கின்றன. உங்கள் விருப்பம் என்ன என்பது ஓரிடத்திலும் இல்லை. ஏழு வாரங்கள் இருக்கின்றன, பிறந்த பிறகு 42 நாள்களும் இருக்கின்றன. இரவில் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "கதிர், தூங்கு" என்று ஒரு வாரம் சொல்லிப் பாருங்கள். உங்கள் நாவுக்கு அது இயல்பாக வந்துவிட்டால் கணவரிடம் போய் உங்கள் முடிவு இது என்று சொல்லுங்கள். வரவில்லை என்றாலும் போய்ச் சொல்லுங்கள், அவளை அதிகமாகக் கூப்பிடப்போகிறவர் நீங்கள்தான். பெயர் சூட்டும் நாளில் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்லும் உரிமையை மட்டும் மாமியாருக்கே கொடுத்துவிடுங்கள். கதிர் என்று அவரால் சொல்ல முடிந்தால் சொல்லட்டும், முடியாவிட்டால் அவர் தேர்ந்த தொட்டில் பெயரைச் சொல்லட்டும்.